பூ கட்டும் கை மறக்கவில்லை, காசு வாங்கியது மறக்கிறது: அம்மாவின் ஸ்கேன் பற்றி ஒரு கேள்வி

பாதிரிப்பூ (கடலூர்)

வணக்கம். நான் திருப்பாதிரிப்புலியூர். பாடலீஸ்வரர் கோயில் பக்கத்தில் எங்களுக்கு ஒரு சின்னப் பூக்கடை. அம்மா நடத்தியது, இப்போது நானும் கூட உட்காருகிறேன். அம்மாவுக்கு 68 வயது. ஐந்தாம் வகுப்பு வரை படித்தவர், ஆனால் கணக்கில் புலி. வாடிக்கை வீடுகளின் மாதக் கணக்கு முழுவதையும் நோட்டைப் பார்க்காமலே சொல்லுவார்.

இரண்டு வருடமாக மெல்ல மெல்ல மாறிக்கொண்டு வருகிறார். ஒரு வீட்டுக்கு நாலு முழம் முல்லை கட்டிக் கொடுத்தனுப்புவார். அரை மணி நேரம் கழித்து அதே வீட்டுக்கு மறுபடி கட்ட ஆரம்பிப்பார். "கொடுத்தாச்சும்மா" என்றால் என்னை ஒரு மாதிரி பார்ப்பார். போன மாதம் ஒரு ரிடையர்டு டீச்சரம்மா, எங்களுடைய பழைய வாடிக்கை, மாதப் பணத்தைக் கையில் கொடுத்துவிட்டுப் போனார். நான் பக்கத்திலேயே இருந்தேன். இரண்டு நாள் கழித்து நாலு பேர் நிற்கும்போது அவரிடம் அம்மா பாக்கி கேட்டுவிட்டார். நோட்டில் வரவு இருக்கிறது, அதுவும் அம்மா கையெழுத்திலேயே. காட்டினால் "இது யார் எழுதினது?" என்கிறார். அந்த டீச்சரம்மா பெருந்தன்மையானவர், ஒன்றும் சொல்லவில்லை. எனக்குத்தான் அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை.

இன்னொன்று. மஞ்சக்குப்பத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டு ஷேர் ஆட்டோவில் பஸ் ஸ்டாண்டில் இறங்கியிருக்கிறார். அங்கிருந்து வீட்டுக்குக் கண்ணைக் கட்டிவிட்டால்கூட வருவார், நாற்பது வருடப் பழக்கம். ஆனால் லாரன்ஸ் ரோடு சுரங்கப்பாதைக்குள் நின்றுகொண்டு எந்தப் பக்கம் ஏறுவது என்று தெரியாமல் அழுதிருக்கிறார். தெரிந்த இளநீர்க் கடைக்காரர் கூட்டி வந்து விட்டார்.

இதே அம்மா, 2011 டிசம்பரில் தானே புயல் அடித்தபோது கடைக் கூரை எந்தப் பக்கம் பறந்தது, யார் யார் தூக்கி வந்தார்கள், அன்றைக்கு யார் வீட்டில் கஞ்சி காய்ச்சினார்கள் என்று வரிசையாகச் சொல்கிறார். பூவைக் கொட்டினால் பேசிக்கொண்டே கட்டுகிறார். வாழை நாரில் முடிச்சு ஒன்றுகூட இளகுவதில்லை. கதம்பத்தில் மருக்கொழுந்து எங்கே வரவேண்டும் என்று எனக்குச் சொல்லித் தருகிறார்.

புதுச்சேரியில் ஒரு நரம்பியல் டாக்டரிடம் காட்டினோம். எம்.ஆர்.ஐ. எடுத்தோம். ரிப்போர்ட்டில் "வயதுக்கு ஏற்ற மூளைச் சுருக்கம், வேறு குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை" என்று இருக்கிறது. ஆனால் டாக்டர் நினைவுப் பரிசோதனையைப் பார்த்துவிட்டு "அல்சைமர் ஆரம்ப நிலை மாதிரி இருக்கிறது, மூளையில் நெட்வொர்க் தொடர்பு குறைய ஆரம்பித்திருக்கிறது" என்றார். டோனபெசில் 5 மில்லிகிராம் மாத்திரை எழுதி, சில ரத்தப் பரிசோதனைகளும் எழுதினார். வெளியே கூட்டம். மேற்கொண்டு கேட்க வாய்ப்பில்லை.

தம்பி ஒத்துக்கொள்ள மாட்டேன் என்கிறான். "ஸ்கேன் நார்மல். அப்பா போன பிறகு அம்மாவுக்குப் பிடிவாதம் அதிகமாயிடுச்சு, நம்ம கவனம் வேணும்னு இப்படிச் செய்யுது" என்கிறான். ஸ்கேன் சரியாக இருக்கும்போது நெட்வொர்க் எப்படிக் கெடும்? பழையது எல்லாம் நினைவிருக்கிற ஆளுக்குக் காலையில் நடந்தது எப்படி இல்லாமல் போகும்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள். தம்பிக்கு இதைக் காட்டப் போகிறேன்.

---

நெய்வேலி டவுன்ஷிப்

அக்கா, முதலில் அந்த ரத்தப் பரிசோதனைகளை எடுத்துவிடுங்கள், தள்ளிப்போடாதீர்கள். பி12, தைராய்டு, சோடியம் மூன்றும் கட்டாயம் பார்க்கவேண்டும். என் பெரியம்மாவுக்கும் இதே மாதிரி மறதி என்று சுற்றினோம். கடைசியில் பி12 மிகக் குறைவு, அதோடு அடிக்கடி சிறுநீர் வருகிறது என்று ஒரு மாத்திரை, தூக்கத்துக்கு ஒரு மாத்திரை. அந்தச் சிறுநீர் மாத்திரைகளில் சில வகை, மூளை செல்களுக்கு இடையே செய்தி கடத்தும் அசெட்டைல்கோலின் என்ற பொருளைத் தடுக்கும். டோனபெசில் அதே பொருளைக் கூட்டத்தான் கொடுக்கப்படுகிறது. ஒரு கையால் ஊற்றி மறு கையால் கொட்டுவது போல ஆகிவிடும். அம்மா என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறார்கள் என்று எல்லா அட்டையையும் ஒரு பையில் போட்டு டாக்டரிடம் கொண்டுபோங்கள். மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கியதையும் சேர்த்து.

காதையும் பார்த்துவிடுங்கள். சரியாகக் கேட்காததை மறதி என்று நினைத்துக்கொள்வது நிறைய நடக்கிறது.

---

லாஸ்பேட்டை அக்கா

நெய்வேலி தம்பி சொன்னது முழுக்கச் சரி. அதை முதலில் முடியுங்கள். மன அழுத்தமும் அந்தப் பட்டியலில் உண்டு. அப்பா போன பிறகு என்று சொல்கிறீர்கள், அதையும் டாக்டரிடம் சொல்லவேண்டும். உங்கள் தம்பியின் சந்தேகத்தில் அந்த ஒரு பகுதி நியாயமானதுதான்.

நான் புதுச்சேரியில் நினைவுப் பரிசோதனை எடுக்கும் உளவியலாளர். டாக்டர் இல்லை, மருந்து சொல்லமாட்டேன். ஆனால் நீங்கள் எழுதியிருக்கும் விவரங்களைப் படித்தபோது, என் மேஜைக்கு எதிரே உட்காருகிற எத்தனையோ அம்மாக்கள் கண்முன் வந்தார்கள். நீங்கள் கேட்டதற்கு நிதானமாகவே பதில் எழுதுகிறேன், நீளமாக இருந்தாலும் தம்பியையும் உட்காரவைத்துப் படியுங்கள்.

சாதாரண எம்.ஆர்.ஐ. மூளையின் வடிவத்தைத்தான் காட்டும். எங்கே சுருங்கியிருக்கிறது, எங்கே அடைப்பு, ரத்தக்கசிவு, கட்டி இருக்கிறது என்று தெரியும். ஒரு பகுதியும் இன்னொரு பகுதியும் சேர்ந்து வேலை செய்கிறதா என்பது அதில் தெரியாது. அதற்கு வேறு வகை ஸ்கேன் இருக்கிறது: ஆளைச் சும்மா படுக்க வைத்து, மூளையின் எந்தெந்தப் பகுதிகளில் ரத்த ஓட்டம் ஒரே தாளத்தில் ஏறி இறங்குகிறது என்று பார்ப்பது. 1995-ல் பாரத் பிஸ்வால் என்ற ஆய்வாளர் இதைத் தொடங்கிவைத்தார். ஒன்றும் செய்யாமல் படுத்திருக்கும்போதுகூடத் தொலைவில் இருக்கும் பகுதிகள் ஒன்றாக ஏறி இறங்கின. அப்படிச் சேர்ந்து இயங்கும் கூட்டத்தைத்தான் நெட்வொர்க் என்கிறார்கள். இது இன்னும் ஆராய்ச்சிக் கூடத்துக் கருவிதான். ஒரு தனி ஆளுக்கு நோய் இருக்கிறதா என்று முடிவு சொல்ல மருத்துவமனையில் இதைப் பயன்படுத்துவதில்லை. ஆகவே உங்கள் டாக்டர் நெட்வொர்க் என்று சொன்னது ஸ்கேனைப் பார்த்து அல்ல, அம்மாவின் மறதி எந்த விதத்தில் இருக்கிறது என்பதைப் பார்த்துத்தான் இருக்கும்.

அப்படி இயங்கும் கூட்டங்களில் ஒன்றுக்கு டீஃபால்ட் மோட் நெட்வொர்க் என்று பெயர். அமெரிக்காவின் செயின்ட் லூயிஸில் மார்கஸ் ரெய்க்ல் குழு 2001-ல் அந்தப் பெயரை வைத்தது. நாம் வெளி வேலையில் கவனம் வைக்காமல், நேற்று நடந்ததை நினைக்கும்போது, நாளைக்கு என்ன செய்வது என்று யோசிக்கும்போது, இது விழிப்பாக இருக்கும். ஒரு வேலையில் குனிந்து உட்கார்ந்தால் தணிந்துவிடும். நெற்றிக்குப் பின்னால் நடுப்பகுதி, பக்கவாட்டில் காதுக்கு மேல் பின்பக்கம், பின்னந்தலையின் உட்புறம் பின் சிங்குலேட், பிரிகூனியஸ் என்று சொல்லும் இடங்கள் எல்லாம் இதில் சேரும். நினைவைப் பதியவைக்கும் ஹிப்போகாம்பஸுக்கும் இதற்கும் நெருங்கிய போக்குவரத்து உண்டு.

அந்தப் பின் சிங்குலேட் பகுதியை விழுப்புரம் ஜங்ஷன் என்று வைத்துக்கொள்ளுங்கள். சென்னை, திருச்சி, காட்பாடி, புதுச்சேரி, நம் கடலூர் எல்லாப் பக்கமும் பாதை அங்கே பிரிகிறது. கடலூர் ஸ்டேஷனில் ஒரு கோளாறும் இல்லை, ஆனால் விழுப்புரத்தில் சிக்னல் போனால் ரயில் வராது. அல்சைமரில் இந்த ஜங்ஷன்தான் சீக்கிரம் பாதிக்கப்படுகிறது. 2004-ல் மைக்கேல் கிரெய்சியஸ் குழு, அல்சைமர் ஆட்களுக்கு இந்த நெட்வொர்க்கில், குறிப்பாகப் பின் சிங்குலேட்டிலும் ஹிப்போகாம்பஸிலும், சேர்ந்து இயங்குவது குறைந்திருப்பதைக் காட்டியது. அமிலாய்டு என்ற புரதம் முதலில் படியும் இடங்களும் பெரும்பாலும் இந்த நெட்வொர்க்கின் இடங்களோடே பொருந்துகின்றன. இன்னொரு புரதம், டௌ, வேறு இடத்தில் தொடங்குகிறது. ஹிப்போகாம்பஸுக்கு வாசல் மாதிரி இருக்கும் என்டோரைனல் பகுதியில் முதலில் நார்முடிச்சாகச் சேர்ந்து, பிறகு ஹிப்போகாம்பஸுக்குள் போய், அப்புறம்தான் மூளையின் மற்ற மேற்பரப்புக்குப் பரவுகிறது. ஜெர்மனியின் ஹைகோ பிராக், எவா பிராக் தம்பதி 1991-லேயே இந்த வரிசையை எழுதிவைத்தார்கள்.

இப்போது அம்மாவுக்கு வருவோம். சுரங்கப்பாதையில் வழி தெரியாமல் நின்றார் என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த என்டோரைனல் பகுதியில்தான் நாம் எங்கே நிற்கிறோம், எந்தப் பக்கம் திரும்பவேண்டும் என்று கணக்குப்போடும் செல்கள் இருக்கின்றன. அவற்றைக் கண்டுபிடித்ததற்காக மோசர் தம்பதிக்கும், ஹிப்போகாம்பஸில் இடத்தை அறியும் செல்களைக் கண்ட ஜான் ஓ'கீஃப்புக்கும் 2014-ல் நோபல் பரிசு கிடைத்தது. நினைவு குறைவதோடு பழகிய இடத்தில் திசை தப்புவது சேர்ந்து வந்தால் நாங்கள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்வது இதனால்தான்.

தானே புயல் நினைவிருக்கிறது, டீச்சரம்மா கொடுத்த பணம் இல்லை. காரணம், ஒரு புது சம்பவம் பதிவதற்கு ஹிப்போகாம்பஸ் வேண்டும். பதிந்து, பலமுறை சொல்லிச் சொல்லி, வருடக்கணக்கில் ஊறிய சம்பவம் மூளையின் மேற்பரப்பில் பல இடங்களில் பரவி இருக்கிறது. அதை எடுக்க ஹிப்போகாம்பஸை அவ்வளவாக நம்பவேண்டியதில்லை. டீச்சரம்மா கொடுத்த பணம் அம்மாவுக்குள் பதியவே இல்லை. நோட்டில் எழுதிய கை அம்மாவுடையதுதான், எழுதியபோது கவனமும் இருந்திருக்கும். ஆனால் அந்த நிமிடம் சேமிப்புக்குப் போகவில்லை. ஆகவே "இது யார் எழுதினது?" என்று கேட்பது பொய்யும் இல்லை, பிடிவாதமும் இல்லை. தம்பி இந்த ஓர் இடத்தை மட்டுமாவது இரண்டு தடவை படிக்கவேண்டும்.

பரிசோதனையிலும் இதைத்தான் பார்ப்போம். சில சொற்களைச் சொல்லி, திரும்பச் சொல்லவைத்து, கொஞ்ச நேரம் வேறு வேலை கொடுத்துவிட்டுக் கேட்போம். வரவில்லை என்றால் "அது ஒரு காய்கறி" என்று துப்பு கொடுப்போம். மன அழுத்தத்திலும், சில வகை ரத்தக்குழாய் பாதிப்பிலும், துப்பு கிடைத்ததும் "ஆமா, முருங்கைக்காய்" என்று வந்துவிடும். சொல் உள்ளே இருக்கிறது, தேடி எடுப்பதில்தான் சிரமம். அல்சைமரில் துப்பு கொடுத்தாலும் பெரும்பாலும் வராது, அல்லது நாங்கள் சொல்லாத காயைச் சொல்லிவிடுவார்கள். உங்கள் டாக்டரிடம் அம்மாவுக்குத் துப்பு உதவியதா என்று கேளுங்கள். ஸ்கேன் ரிப்போர்ட்டை விட அந்த ஒரு பதில் உங்களுக்கு அதிகம் சொல்லும்.

பூ கட்டுவது வேறு பாதை. கைப்பழக்கம் மூளையின் அடியில் இருக்கும் பேசல் கேங்லியாவிலும் சிறுமூளையிலும் ஓடுகிறது. ஹென்றி மோலைசன் என்று ஒருவர். வலிப்புக்காக 1953-ல் இரண்டு பக்க ஹிப்போகாம்பஸின் பெரும்பகுதியை அறுவைசிகிச்சையில் எடுத்துவிட்டார்கள். அதற்குப் பிறகு புதிதாக ஒரு சம்பவம்கூட அவருக்கு நிற்கவில்லை. ஆனால் கண்ணாடியில் பார்த்து நட்சத்திரம் வரையும் வேலையைக் கொடுத்தபோது நாளுக்கு நாள் நன்றாக வரைந்தார். முன்பு வரைந்ததே அவருக்கு நினைவில்லை, கை மட்டும் கற்றுக்கொண்டது. பிரெண்டா மில்னர் செய்த பரிசோதனை அது. அம்மாவின் கையில் இருக்கும் முல்லைச் சரம் அந்தப் பாதையில் வருகிறது. அந்தப் பாதை இன்னும் வெகுகாலம் இருக்கக்கூடியது.

ரிப்போர்ட் பற்றி ஒன்று. "வயதுக்கு ஏற்ற சுருக்கம்" என்ற வரி போதாது. ஹிப்போகாம்பஸும் அதைச் சுற்றிய பகுதியும் எவ்வளவு சுருங்கியிருக்கிறது என்பதற்கு எம்.டி.ஏ. என்று 0 முதல் 4 வரை ஒரு மதிப்பெண் உண்டு. 75 வயதுக்குக் கீழே 2 அல்லது அதற்கு மேல் இருந்தால் கவனிக்கவேண்டும். படம் ஏற்கெனவே எடுத்தாகிவிட்டது. சி.டி.யைக் கொண்டுபோய் நரம்பியல் டாக்டரையே அந்த இடத்தை ஒரு முறை பார்க்கச் சொல்லுங்கள். அது சாதாரணமாக இருந்தாலும் ஆரம்ப நிலை அல்சைமர் இல்லை என்று ஆகிவிடாது. அமிலாய்டு படிவது அறிகுறி தெரிவதற்குப் பதினைந்து, இருபது வருடம் முன்பே தொடங்கிவிடுகிறது. சுருக்கம் அதற்கு வெகுநாள் பின்னால் வருவது.

---

முத்தியால்பேட்டை மகன்

லாஸ்பேட்டை அக்கா எழுதியதை அப்பாவுக்கு நோய் வந்த முதல் வருடத்தில் யாராவது எனக்குச் சொல்லியிருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும். அப்பா இங்கே பஞ்சாலையில் வேலை பார்த்தவர். இப்போது நடு நிலைக்கு வந்துவிட்டார். படிப்பாக நான் சொல்ல ஒன்றுமில்லை, வீட்டில் நடப்பதைச் சொல்கிறேன்.

திருத்தாதீர்கள். நோட்டைக் காட்டி நிரூபிப்பதை விட்டுவிடுங்கள். உங்களுக்கு அது கணக்கு, அம்மாவுக்கு அது அவமானம். கல்லாவை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள், ஆனால் பிடுங்குகிற மாதிரி வேண்டாம். "அம்மா, நீ கட்டு, நான் சில்லறை பார்க்கிறேன்" என்றால் போதும். வாடிக்கை வீடுகளுக்கு நீங்களே நேரில் போய், பண விஷயம் இனிமேல் என்னிடம் என்று சொல்லிவிடுங்கள். காரணத்தை மறைக்காதீர்கள். ஊர் நாம் நினைப்பதை விட நன்றாகவே நடந்துகொள்ளும். அந்த இளநீர்க் கடைக்காரர் கூட்டி வந்தாரே.

அம்மா புடவை முந்தானையில் முடிந்துவைக்க உங்கள் போன் நம்பர் எழுதிய ஒரு சீட்டு. முடிந்தால் வெள்ளிச் சங்கிலியில் ஒரு பட்டையில் பொறித்துப் போடுங்கள், சீட்டு துவைப்பில் போய்விடும்.

சொத்து, வங்கிக் கணக்கு விஷயத்தை அம்மா தெளிவாக இருக்கும் இப்போதே பேசிவிடுங்கள். பலர் பவர் எழுதி வாங்கிக்கொண்டால் போதும் என்று நினைக்கிறார்கள். நம் நாட்டுச் சட்டப்படி எழுதிக் கொடுத்தவர் சித்த சுவாதீனம் இழந்தால் அந்தப் பவர் செல்லாது. இதை எங்கள் வக்கீல் சொன்னபோது எங்களுக்கு நேரம் கடந்திருந்தது. வங்கிக் கணக்கைக் கூட்டுக் கணக்காக மாற்றுவது, உயில் எழுதுவதென்றால் அன்றைய தேதியில் அம்மா தெளிவாக இருக்கிறார் என்று டாக்டர் சான்றிதழ் வாங்குவது, இதெல்லாம் அம்மாவின் விருப்பத்தோடு அம்மாவே உட்கார்ந்து முடிவெடுக்கவேண்டிய காரியங்கள். அந்த உரிமை இன்னும் அவருக்கு இருக்கிறது.

யாரும் கிடைக்காத நேரத்தில் 14567 என்று முதியோருக்கான உதவி எண் இருக்கிறது, கட்டணம் இல்லை. உங்கள் மனசுக்கே தாங்கவில்லை என்றால் 14416, டெலி மானஸ். தமிழில் பேசுவார்கள். எனக்கு அந்த இரண்டாவது எண் ஒரு ராத்திரி உதவியிருக்கிறது.

---

பாதிரிப்பூ (கடலூர்)

எல்லாருக்கும் நன்றி. என்ன சொல்வதென்று தெரியவில்லை. தம்பியிடம் படித்துக் காட்டினேன். "பதியவே இல்லை" என்ற இடத்தில் போனை வாங்கி அவனே மறுபடி படித்தான். அப்புறம் எழுந்து கடைக்குப் போய் அம்மா பக்கத்தில் உட்கார்ந்தான்.

ரத்தப் பரிசோதனை எடுத்தாயிற்று. பி12 கொஞ்சம் குறைவு, ஊசி போடச் சொல்லியிருக்கிறார்கள். தைராய்டு, சோடியம் சரி. சிறுநீர் மாத்திரை எதுவும் இல்லை. தூக்க மாத்திரை பக்கத்து வீட்டு அம்மா கொடுத்தது இருந்தது, நிறுத்துவது பற்றி டாக்டரிடம் கேட்கிறோம்.

இன்னும் மூன்று கேள்விகள். வாட்ஸ்அப்பில் அல்சைமரை நிறுத்தும் ஊசி வந்துவிட்டது என்று ஒரு செய்தி சுற்றுகிறது. உண்மையா? தம்பி, மூளைக்கு வேலை கொடுக்கட்டும் என்று அம்மாவை தினமும் காலையில் நேற்று என்ன சாப்பிட்டாய், யார் வந்தார்கள் என்று கேட்கிறான். அது நல்லதா? கடைசியாக, அம்மா சத்தம் போட்டதை மறந்துவிடுகிறார், ஆனால் நான் ஒரு நாள் கோபப்பட்டுப் பேசினால் சாயங்காலம் வரை முகம் வாடியே இருக்கிறது. காரணம் கேட்டால் தெரியவில்லை என்கிறார். இதுவும் நோயில் சேர்ந்ததா?

---

லாஸ்பேட்டை அக்கா

மூன்றாவதில் தொடங்குகிறேன், எனக்கு அதுதான் முக்கியம். அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தில் 2014-ல் அல்சைமர் ஆட்களுக்குச் சோகமான படத்துண்டுகளையும், வேறு நேரத்தில் சந்தோஷமானவற்றையும் காட்டினார்கள். சிறிது நேரத்தில் என்ன பார்த்தோம் என்பது பெரும்பாலும் போய்விட்டது. சோகமும் சந்தோஷமும் போகவில்லை, தங்கின. உணர்ச்சிக்கு வேறு பாதை. 2010-ல் வந்த இன்னோர் ஆய்வில், ஆரம்ப அல்சைமரில் டீஃபால்ட் நெட்வொர்க் தளர்ந்த அதே நேரத்தில், சுற்றியிருப்பவர்களின் முகம், குரல், ஆபத்து ஆகியவற்றை உணரும் சேலியன்ஸ் நெட்வொர்க் சில இடங்களில் வழக்கத்தைவிட நெருக்கமாக இணைந்திருப்பதைப் பார்த்தார்கள். உங்கள் வார்த்தை அம்மாவுக்கு நிற்காது. குரலின் சூடு நிற்கும். அதே விதியில், காலையில் தம்பி பக்கத்தில் உட்கார்ந்த சந்தோஷமும் நிற்கும், ஏன் என்று அம்மாவுக்குத் தெரியாவிட்டாலும். அதனால் "எப்படியும் மறந்துடும், போய் என்ன பிரயோஜனம்" என்று சொல்கிற சொந்தக்காரர்களை நீங்கள் நம்பவேண்டாம். வரட்டும், உட்காரட்டும்.

தம்பியின் காலைத் தேர்வை இன்றோடு நிறுத்துங்கள். நல்ல எண்ணம்தான், ஆனால் பழுதான பாதையிலேயே ஆளை நடக்கவைப்பது அது. தோல்வி மட்டும் தினமும் பதியும். ஆரம்ப நிலையில் ஹிப்போகாம்பஸ் சும்மா கிடப்பதில்லை, வழக்கத்துக்கு மீறி இரைகிறது என்று பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. முதலில் அது ஈடுகட்டுகிறது, நல்லது என்று நினைத்தார்கள். 2012-ல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் குழு ஒரு வலிப்பு மருந்தைச் சிறு அளவில் கொடுத்து அந்த இரைச்சலைத் தணித்தபோது, லேசான மறதி உள்ளவர்கள் நினைவுப் பரிசோதனையில் கொஞ்சம் நன்றாகச் செய்தார்கள். (அந்த மருந்து இதற்கான சிகிச்சையாக ஏற்கப்படவில்லை, யாரும் வாங்கிக் கொடுத்துவிடாதீர்கள்.) நான் சொல்ல வருவது, உள்ளே ஏற்கெனவே சிரமப்பட்டு ஓடிக்கொண்டிருக்கும் பகுதியை மேலும் விரட்டுவதில் பலன் இல்லை.

மூளைக்கு வேலை வேண்டும் என்றால் பூ இருக்கிறதே. கடையை நிறுத்தலாமா என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் யாராவது அப்படிச் சொல்லத்தான் போகிறார்கள். நிறுத்தாதீர்கள். அங்கே நாலு பேர் வருகிறார்கள், பேசுகிறார்கள், கை ஓடுகிறது. தம்பி கேள்வி கேட்பதற்குப் பதில் "இது மாட்டுப்பொங்கலுக்குக் கட்டுகிற மாலை மாதிரி இருக்கே, அதை எப்படிக் கட்டுவீங்க" என்று தொடங்கட்டும். அம்மா சொல்லித்தரட்டும். சாயங்காலம் கோயிலை ஒரு சுற்று கூடவே நடங்கள். ரத்த அழுத்தம், சர்க்கரை, கொழுப்பு, காது, கண் இவற்றைக் கவனியுங்கள். லான்செட் மருத்துவ இதழின் நிபுணர் குழு 2024-ல் மாற்றக்கூடிய 14 காரணங்களைச் சொன்னது, அவை எல்லாம் வாழ்நாள் முழுவதும் சரியாக இருந்தால் உலகில் ஏறக்குறைய 45 சதவீத டிமென்ஷியாவை (அல்சைமர் போன்ற மறதி நோய்களை) தடுக்கவோ தள்ளிப்போடவோ முடியும் என்பது அவர்கள் கணக்கு. அம்மாவுக்கு வந்ததை அது மாற்றாது. ஆனால் உங்களுக்கும் தம்பிக்கும் அது இப்போதே பொருந்தும், நடுவயதில் காது கேட்பது குறைவதும் கெட்ட கொழுப்பு கூடுவதும்தான் அதில் பெரிய பங்கு.

ஊசி பற்றி. செய்தியில் கொஞ்சம் உண்மை இருக்கிறது. லெகனெமாப் 2023-லும் டோனனெமாப் 2024-லும் அமெரிக்காவில் அனுமதி பெற்றன. இரண்டும் அமிலாய்டை அகற்றுகின்றன. நோயை நிறுத்துவதில்லை. லெகனெமாப் பரிசோதனையில், 18 மாதத்தில் சரிவு சுமார் 27 சதவீதம் மெதுவாக இருந்தது. யார் அதைப் பெறலாம் என்பதற்கு அமிலாய்டு இருப்பது உறுதியாகவேண்டும், நோய் ஆரம்ப நிலையில் இருக்கவேண்டும். சிலருக்கு மூளையில் வீக்கமும் ரத்தக்கசிவும் வருவதால் எம்.ஆர்.ஐ. மறுபடி மறுபடி எடுத்துப் பார்த்துக்கொண்டே இருக்கவேண்டும். விலையும் கூட. வாட்ஸ்அப்பில் வருகிற எண்ணுக்குப் பணம் கட்டிவிடாதீர்கள், இதற்குள் அந்தப் பெயரில் ஏமாற்றுகிறவர்களும் வந்துவிட்டார்கள்.

டோனபெசில் அமிலாய்டைத் தொடாது. இருக்கும் செல்களுக்கு இடையே செய்தி போவதற்கு உதவும், அவ்வளவுதான். சிலருக்கு ஒரு வருடம்போல நன்றாகத் தாங்கிப்பிடிக்கிறது. குமட்டல், வயிற்றுப்போக்கு வந்தாலோ, கெட்ட கனவு வந்தாலோ நீங்களாக நிறுத்தாமல் டாக்டரிடம் சொல்லுங்கள். இரவு மாத்திரையைக் காலைக்கு மாற்றினாலே பலருக்குக் கனவு சரியாகிவிடுகிறது. இதயத் துடிப்பை மெதுவாக்கும் என்பதால் தொடங்குவதற்கு முன் ஒரு ஈ.சி.ஜி. பார்த்திருக்கிறார்களா என்று கேளுங்கள். அம்மாவுக்கு மயக்கம் வந்ததுண்டா?

---

பாதிரிப்பூ (கடலூர்)

ஈ.சி.ஜி. எடுக்கவில்லை. போன வருடம் ஆடி வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் ஒரு முறை மயங்கி உட்கார்ந்தார், வெயில் என்று விட்டுவிட்டோம். மாத்திரை இன்னும் தொடங்கவில்லை. நாளைக்கே டாக்டருக்கு போன் செய்கிறேன். தம்பி அடுத்த வாரம் ஜிப்மருக்கும் கூட்டிப் போகலாம் என்கிறான், இன்னொரு கருத்துக்காக.

---

லாஸ்பேட்டை அக்கா

அந்த மயக்கத்தைக் கண்டிப்பாகச் சொல்லுங்கள், ஈ.சி.ஜி. பார்த்த பிறகு மாத்திரை தொடங்கட்டும்.

---

நெய்வேலி டவுன்ஷிப்

ஜிப்மர் போவதென்றால் கடலூரிலிருந்து விடியற்காலை பஸ் பிடியுங்கள், ஓ.பி. சீட்டு வாங்கும் வரிசை காலையிலேயே நீண்டுவிடும். புதுச்சேரி பஸ் ஸ்டாண்டில் இறங்கி கோரிமேடு போகும் டவுன் பஸ் ஏறினால் வாசலிலேயே இறக்கிவிடுவார்கள். எம்.ஆர்.ஐ. சி.டி., பழைய சீட்டுகள், மாத்திரை அட்டைகள் எல்லாம் ஒரே பையில். அம்மாவின் மூக்குக்கண்ணாடியை மறக்காதீர்கள், படம் வரையச் சொல்வார்கள். சாப்பாடும் தண்ணீரும் கையில் வைத்துக்கொள்ளுங்கள், மதியம் தாண்டிவிடும். இரண்டு பேராகப் போங்கள். ஒருவர் வரிசையில் நிற்கும்போது ஒருவர் அம்மா பக்கத்திலேயே இருக்கவேண்டும்.